வீட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடத் தொடங்குபவர்களுக்கு: எதை, எப்போது, எப்படி?

தனிக்குடித்தனம் வந்த பிறகு வரும் முதல் கிறிஸ்துமஸ், விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்களின் முதல் கிறிஸ்துமஸ், பிள்ளைக்கு விவரம் தெரியத் தொடங்கும் வருடத்துக் கிறிஸ்துமஸ். மூன்றிலும் வருவது ஒரே கேள்விதான்: எங்கிருந்து ஆரம்பிப்பது? பெரும்பாலும் மரமும் விளக்கும் வாங்குவதில்தான் ஆரம்பிக்கிறோம். டிசம்பர் 20 வாக்கில் அவசர அவசரமாக எல்லாவற்றையும் மாட்டி, 24ஆம் தேதி இரவு கோயிலில் தூக்கம் சொக்க உட்கார்ந்திருந்து, 26ஆம் தேதி கழற்றத் தொடங்கிவிடுகிறோம். நடுவில் ஜெபிக்க நேரமே கிடைக்கவில்லை என்று மனம் வாடுகிறது.

இதற்கு நான் கண்ட நல்ல வழி, அலங்காரத்தையும் ஜெபத்தையும் தனித்தனி வேலையாகப் பிரிக்காமல் இருப்பது. நான்கு வாரக் காத்திருப்பு, அதன் பிறகு பன்னிரண்டு நாள் கொண்டாட்டம் என்றுதான் இந்தக் காலம் அமைந்திருக்கிறது. வீட்டையும் அதே போக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அலங்கரித்துக்கொண்டு போனால், ஒவ்வொரு பொருளை வைக்கும்போதும் ஒரு விவிலிய வாசகமும் ஒரு சின்ன ஜெபமும் கூடவே வந்துவிடும்.

முதலில் நாட்காட்டியை எடுங்கள்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிறன்று, அந்தக் காத்திருப்புக் காலமான திருவருகைக் காலம் தொடங்குகிறது. அது எப்போதும் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். 2026இல் நவம்பர் 29, 2027இல் நவம்பர் 28, 2028இல் டிசம்பர் 3. கிறிஸ்துமஸ் திங்கட்கிழமை வருகிற வருடத்தில் திருவருகைக் காலத்தின் நான்காவது ஞாயிறும் 24ஆம் தேதியும் ஒன்றாகிவிடும். 2028 அப்படிப்பட்ட வருடம்தான். அப்போது நான்காவது வாரம் என்பது ஒரே ஒரு நாள். வேலைகளை முன்கூட்டியே முடித்துக்கொள்ள வேண்டும்.

நான்கு ஞாயிறுகள், டிசம்பர் 6, டிசம்பர் 24, 25, ஜனவரி 6 ஆகிய நாட்களை வட்டமிடுங்கள். அதற்கு முன் ஒருநாள் மாலை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: “எது இல்லாவிட்டால் உனக்குக் கிறிஸ்துமஸ் வந்த மாதிரியே இருக்காது?” கணவனும் மனைவியும் வேறு வேறு சபைகளிலிருந்து வந்தவர்களாக இருந்தால் இந்தப் பேச்சு ரொம்பவே முக்கியம். ஒருவருக்கு நள்ளிரவுத் திருப்பலி, இன்னொருவருக்கு விடியற்காலை ஆராதனை. ஒருவர் வீட்டில் இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடில் இல்லாமல் பண்டிகையே இல்லை, இன்னொருவர் வீட்டில் நட்சத்திரம் மட்டும்தான். யார் வழக்கம் சரி என்று வாதாடாமல் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வருடம் எல்லாவற்றையும் செய்ய நினைக்காதீர்கள். அலங்காரத்தில் ஒன்று, ஜெபத்தில் ஒன்று, கொடுப்பதில் ஒன்று. மூன்று போதும். கீழே நிறையச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு ஒத்துவருகிற மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஞாயிறு: மெழுகுவர்த்தி வளையம்

ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். செலவு குறைவு, இடம் குறைவு, குடும்பத்தை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைக்கும் சக்தி அதிகம்.

இந்த வளையத்தின் கதை பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிச் விச்செர்ன் என்ற லூத்தரன் இறையியலாளர், “கிறிஸ்துமஸ் எப்போது வரும்?” என்று பிள்ளைகள் நச்சரித்ததால், 1839இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டுவைத்தாராம். வார நாட்களுக்குச் சின்ன மெழுகுவர்த்தி, ஞாயிறுகளுக்கு நான்கு பெரியவை. பின்னால் அது சுருங்கி நான்கு மெழுகுவர்த்தி வளையமாகி, பல சபைகளுக்கும் பரவிவிட்டது.

செய்முறை எளிது. அகலமான பீங்கான் அல்லது உலோகத் தட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மெழுகுவர்த்திகளை ஆடாமல் நிற்கும்படி அதில் வட்டமாக நிறுத்துங்கள். சுற்றிலும் பச்சை இலைகள் வையுங்கள். காய்ந்ததும் உடனே மாற்றுங்கள், காய்ந்த இலை சட்டென்று பற்றிக்கொள்ளும். மூன்று மெழுகுவர்த்திகள் ஊதா நிறம், ஒன்று இளஞ்சிவப்பு. இளஞ்சிவப்பு மூன்றாம் ஞாயிறுக்கு. அது மகிழ்ச்சியின் ஞாயிறு. பல சபைகளில் நான்கையும் எதிர்நோக்கு, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என்று பெயரிட்டு அழைப்பார்கள். விரும்பினால் நடுவில், 24ஆம் தேதி இரவு ஏற்றுவதற்கு ஒரு வெள்ளை மெழுகுவர்த்தி. நிறம் கிடைக்காவிட்டால் நான்கும் வெள்ளையாக இருக்கட்டும், தவறில்லை.

ஏற்றும்போது அறை விளக்கை அணைத்துவிடுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். முதல் வாரம் அந்த இருட்டில் ஒரே ஒரு சுடர், எதிரில் இருப்பவர் முகம் பாதிதான் தெரியும். வாரம் ஒன்றாக ஏறி, நான்காவது வாரம் எல்லோர் முகமும் தெரியும். “இருளில் நடந்துவந்த மக்கள்” என்ற எசாயா இறைவாக்கினரின் வாசகத்துக்கு அதற்கு மேல் விளக்கவுரை தேவையில்லை. பிறகு வாசகம், ஆளுக்கு ஒரு நன்றி, ஒரு பாட்டின் ஒரு சரணம், அவ்வளவுதான். ஐந்து நிமிடத்துக்குள் முடியட்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நீண்ட ஜெபம் வைத்தால் அடுத்த வாரம் அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

நான்கு வாரத்துக்கு வாசகம் வேண்டுமென்றால்: எசாயா 9:2-7, எசாயா 11:1-9, லூக்கா 1:26-38, மத்தேயு 1:18-25. உங்கள் சபையின் வாசகப் பட்டியல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், கோயிலில் கேட்டதே வீட்டிலும் கேட்கும்.

எரிகிற மெழுகுவர்த்தியை விட்டு எல்லோரும் எழுந்து போகக் கூடாது. திரைச்சீலைக்குப் பக்கத்திலும், மின்விசிறிக் காற்று படும் இடத்திலும் வைக்க வேண்டாம். பேட்டரி மெழுகுவர்த்தி வைத்தால், பொத்தான் போன்ற அந்தச் சின்ன பேட்டரியின் மூடி திருகாணியால் மூடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை அதை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

டிசம்பர் 1: லூக்கா நற்செய்தி

லூக்கா நற்செய்தியில் 24 அதிகாரங்கள். டிசம்பர் 1 முதல் நாளுக்கு ஒன்று வாசித்தால் 24ஆம் தேதி முழு நற்செய்தியும் முடிந்துவிடும். வளர்ந்தவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இதைவிட நல்ல பழக்கம் எனக்குத் தெரியவில்லை. முதல் அதிகாரத்திலேயே 80 வசனங்கள் இருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். இருவர் மாறி மாறி வாசித்தால் சீக்கிரம் முடியும். பிள்ளைகளுக்கு அன்றைய அதிகாரத்திலிருந்து ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் போதும். 10ஆம் தேதி நல்ல சமாரியர், 15ஆம் தேதி ஊதாரி மைந்தன், 19ஆம் தேதி மரத்தில் ஏறிய சக்கேயு. 23ஆம் தேதி சிலுவைச் சாவையும் 24ஆம் தேதி காலையில் உயிர்ப்பையும் வாசித்துவிட்டு, அன்று இரவு அதே லூக்காவின் இரண்டாம் அதிகாரத்துக்குத் திரும்புவோம். தீவனத் தொட்டியில் கிடத்தப்படும் குழந்தை யார் என்பது அப்போது நன்றாகவே தெரிந்திருக்கும்.

டிசம்பர் 6: தெரியாமல் கொடுப்பது

சாண்டா கிளாஸைப் பற்றிப் பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். சாண்டா கதைக்கு மூலமான நிக்கோலாஸ் என்ற ஆயரை (பிஷப்பை)ப் பற்றிச் சொல்லுங்கள். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருக்கும் மீரா என்ற ஊரின் ஆயர் அவர். வரதட்சணைக்கு வழியில்லாமல் தவித்த மூன்று பெண்களின் வீட்டில் இரவோடு இரவாகப் பொற்காசுப் பையை வைத்துவிட்டு வந்தார் என்பது அவரைப் பற்றிய பழைய மரபு. அவருடைய திருநாள் டிசம்பர் 6. அன்று குடும்பமாக ஒருவருக்கு, யார் கொடுத்தது என்று தெரியாதபடி, ஏதாவது கொடுங்கள். பிள்ளையின் கையாலேயே கொண்டுபோய் வைக்கச் சொல்லுங்கள். புகைப்படம் எடுக்க வேண்டாம்.

இரண்டாம் வாரம்: குடில்

எனக்குப் பிடித்த வேலை இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1223ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில், இத்தாலியின் கிரேச்சோ என்ற மலைக் கிராமத்தில், அசிசி நகர் புனித பிரான்சிஸ் ஒரு தீவனத் தொட்டியையும் வைக்கோலையும் உயிருள்ள ஒரு மாட்டையும் கழுதையையும் ஏற்பாடு செய்தார். பெத்லகேமில் அந்தக் குழந்தை பட்ட கஷ்டத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. சிலைகள் எதுவும் இல்லை. தொட்டியின் மேல் திருப்பலி நடந்தது, பக்கத்து ஊர்க்காரர்கள் தீப்பந்தங்களோடு வந்து நின்றார்கள். குடில் வைக்க அழகான பொம்மைகள் தேவையில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். வாசலில் வந்து போகிறவர்களுக்குத் தெரிகிற இடத்தைவிட, வீட்டில் இருப்பவர்கள் தினமும் கடந்து போகிற இடம் நல்லது. உயரம் சின்னப் பிள்ளையின் கண்ணுக்கு நேராக இருக்கட்டும்.

தரை அமைக்க, ஒரு பலகை மேல் பின்பக்கம் இரண்டு மூன்று அட்டைப் பெட்டிகளைக் கவிழ்த்து வையுங்கள், மேட்டுநிலம் தயார். பழுப்புத் தாளைக் கையில் நன்றாகக் கசக்கி, மறுபடி பிரித்து, தண்ணீர் கலந்த பசையைத் தடவி அந்தப் பெட்டிகள் மேல் போர்த்துங்கள். காய்ந்ததும் பாறை போலவே மடிப்பு மடிப்பாக நிற்கும். மடிப்புகளின் உட்பக்கத்தில் மட்டும் கருப்புச் சாயத்தை லேசாகத் தேய்த்தால் நிழல் விழுந்தது மாதிரி இருக்கும். பொம்மைகள் வேறு வேறு அளவில் இருந்தால் பெரியவற்றை முன்னாலும் சின்னவற்றைப் பின் மேட்டிலும் வையுங்கள். தூரத்தில் இருப்பதாகக் கண் நம்பிவிடும். தொழுவத்துக்குள் ஒரே ஒரு சின்ன மஞ்சள் எல்இடி பல்பு போதும். பல்பு நேராகக் கண்ணில் படாமல் கூரையின் உட்பக்கம் மறைத்து வையுங்கள். விட்டு விட்டு எரிகிற வண்ண விளக்குகள் குடிலுக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அங்கே போய் நிற்கிறவர் அமைதியாக நிற்க முடிய வேண்டும். வைக்கோலுக்குப் பக்கத்தில் நிஜ மெழுகுவர்த்தி கூடவே கூடாது.

எல்லா உருவங்களையும் ஒரே நாளில் வைத்துவிடாதீர்கள். முதலில் தொழுவமும் காலித் தொட்டியும் மாடும் கழுதையும் மட்டும். இந்த இரண்டு விலங்குகளும் நற்செய்தியில் இல்லை. எசாயா முதல் அதிகாரத்தின் மூன்றாம் வசனத்திலிருந்து குடிலுக்குள் நுழைந்தவை. இடையர்களும் ஆடுகளும் கொஞ்சம் தள்ளி மேட்டில். மரியாவும் யோசேப்பும் அறையின் இன்னொரு மூலையிலிருந்து புறப்பட்டு நாளுக்கு நாள் கிட்டே வரட்டும். தினமும் அவர்களை நகர்த்தும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டால், மறக்காமல் நினைவூட்டப் போவது அந்தப் பிள்ளைதான். விண்மீனைப் பார்த்துக் குழந்தையைத் தேடி வந்த ஞானிகள் வீட்டின் கடைக்கோடியில், புத்தக அலமாரியிலோ ஜன்னல் மேடையிலோ இருக்கட்டும். அவர்களுக்கு ஜனவரி 6 வரை நேரம் இருக்கிறது. இடையர்களை லூக்கா மட்டும்தான் சொல்கிறார், ஞானிகளையும் விண்மீனையும் மத்தேயு மட்டும்தான் சொல்கிறார். மூன்று பேர் என்றும் அவர் சொல்லவில்லை, காணிக்கைதான் மூன்று. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளிடம் இரண்டு நற்செய்திகளையும் கொடுத்து, நம் குடிலில் எது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், ஆர்வமாகத் தேடுவார்கள்.

காலித் தொட்டிக்குப் பக்கத்தில் கொஞ்சம் வைக்கோலை ஒரு கிண்ணத்தில் வையுங்கள். யாராவது ஒரு நல்ல காரியம் செய்தால், யாரிடமும் சொல்லாமல் ஒரு துரும்பை எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். பாலன் இயேசுவுக்கு மெத்தை அப்படித்தான் சேர வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கு ஒரே ஒரு விதி: எண்ணக் கூடாது. எண்ண ஆரம்பித்தால் “நான் பத்து, நீ நாலு” என்று போட்டி வந்துவிடும்.

மூன்றாம் வாரம்: மரமும் விளக்கும்

மரம் வைக்கும் வழக்கம் ஜெர்மன் மொழி பேசும் பகுதிகளில் வளர்ந்தது. 1605ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு குறிப்பு, ஸ்ட்ராஸ்பர்க் வீடுகளில் மரத்தில் காகித ரோஜாக்களையும் ஆப்பிள்களையும் தொங்கவிட்டதைச் சொல்கிறது. மின்விளக்கு வந்தது 1882இல். எடிசனோடு பணிபுரிந்த எட்வர்ட் ஜான்சன், நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் 80 சின்ன பல்புகளை மாட்டினார். காகிதத்தில் நீங்களே வெட்டிய பூக்களைத் தொங்கவிட்டாலும் நானூறு வருட மரபுக்குள்தான் இருக்கிறீர்கள்.

வரிசை இதுதான். செயற்கை மரம் என்றால் கீழிருந்து மேலாக ஒவ்வொரு கிளையையும் விரித்து நிமிர்த்துங்கள். இதற்குப் பொறுமையாக நேரம் கொடுத்தால் சாதாரண மரமும் அடர்த்தியாகத் தெரியும். அப்புறம் விளக்கு. மாட்டும் முன்பே சொருகி எரியவிட்டுப் பாருங்கள். தண்டை ஒட்டி உள்ளே ஒரு சுற்று, கிளை நுனியில் ஒரு சுற்று என்று உள்ளும் வெளியுமாகக் கொண்டு போனால் மரத்துக்கு ஆழம் வரும். அதன் பிறகு சரங்கள், கடைசியில் தொங்கும் பொருட்கள். பெரிய உருண்டைகளை உள்ளே தள்ளியும் சின்னவற்றை நுனியிலும் மாட்டுங்கள். கண்ணாடிப் பொருட்கள் மேலே, துணியும் மரமும் காகிதமும் கீழே. பூனை இருக்கும் வீட்டில் பளபளக்கும் ஜிகினா நூலைத் தவிர்த்துவிடுங்கள்; விழுங்கினால் குடலில் சிக்கிக்கொள்ளும்.

நிஜ மரம் வாங்கினால், நிறுத்தும் முன் அடித்தண்டில் ஓர் அங்குலம் புதிதாக அறுத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்துங்கள். தினமும் தண்ணீர் பாருங்கள், முதல் சில நாட்களில் நிறையக் குடிக்கும். உலர்ந்துபோன மரம் சில நொடிகளிலேயே முழுசாகப் பற்றி எரியக்கூடியது. சூடு தரும் எதிலிருந்தும் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளியே இருக்கட்டும்.

விளக்குச் சரத்தில் வயர் நைந்திருந்தால் ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தாதீர்கள், தூக்கிப் போடுங்கள். வாசலில் மாட்டுவது வெளிப்புறப் பயன்பாட்டுக்கு உரியதா என்று பெட்டியில் பாருங்கள். வயரை விரிப்புக்கு அடியில் ஓட்டாதீர்கள். படுக்கப் போகும்போதும் கோயிலுக்குப் புறப்படும்போதும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும், முதல்முறை சுவிட்சைப் போடும் முன் வீட்டிலேயே வயதில் மூத்தவரை ஒரு வரி ஜெபிக்கச் சொல்லுங்கள். சுவிட்சைப் போடுவது வீட்டின் கடைக்குட்டி.

டிசம்பர் 24 மாலை

வாங்குவது, சுத்தம் செய்வது, பரிசுகளைத் தாளில் சுற்றுவது எல்லாம் 23ஆம் தேதி இரவோடு முடிந்துவிட வேண்டும் என்று முடிவெடுங்கள். முடியாமல் விட்டுப்போனது போகட்டும். நள்ளிரவு வழிபாட்டுக்குப் போவதாக இருந்தால் சின்னப் பிள்ளைகளை மாலையில் தூங்க வைத்து எழுப்புங்கள்.

வீட்டு ஜெபத்துக்கு இந்த ஒழுங்கு எங்களுக்கு ஒத்துவந்திருக்கிறது. மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, வளையத்தின் நான்கு மெழுகுவர்த்திகளையும் ஏற்றுகிறோம். லூக்கா 2:1-20ஐ ஒருவர் நிதானமாக வாசிக்கிறார். “பிள்ளையைத் துணிகளில் பொதிந்து” என்ற இடம் வந்ததும் வாசிப்பு நிற்கும். கடைக்குட்டி, அதுவரை அலமாரியில் துணியில் சுற்றி வைத்திருந்த பாலனைக் கொண்டுவந்து தொட்டியில் கிடத்த வேண்டும். அந்தத் துணியைப் பிரிக்க அவசரப்படுத்தாதீர்கள், எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும். பிறகு மீதி வசனங்கள், ஒரு பாட்டு, நடு மெழுகுவர்த்தி.

அந்த வருடம் யாரையாவது இழந்த வீடு என்றால், இந்த ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்லுங்கள். பண்டிகை நாளில் எதற்கு அழுகை என்று பலரும் மூடி மறைக்கப் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால், பெயரைச் சொல்லி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டால் எல்லோருக்கும் மூச்சு விட முடிகிறது. அலங்கரிக்கவே மனம் வராத வருடமாக இருந்தால் காலித் தொட்டியும் ஒரு மெழுகுவர்த்தியும் மட்டும் வையுங்கள். அதுவும் முழுக் கிறிஸ்துமஸ்தான்.

பரிசுகளைப் பற்றிச் சுருக்கமாக: வழிபாட்டுக்குப் பிறகு, ஒருவர் பிரிக்கும்போது மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொன்றாகப் பிரியுங்கள்.

25க்குப் பிறகு

டிசம்பர் 25இலிருந்து ஜனவரி 5 வரை பன்னிரண்டு நாள். மரத்தைக் கழற்றாதீர்கள். தனியாக இருக்கிற ஒருவரைச் சாப்பிடக் கூப்பிடுவது, நோயாளி ஒருவரைப் பார்த்துவிட்டு வருவது, போன் செய்யாமல் விட்ட உறவினரோடு பேசுவது எல்லாம் இந்த நாட்களுக்கான வேலை. பண்டிகைக்கு முந்தைய பரபரப்பில் இவற்றுக்கு நேரம் கிடைத்திருக்காது. ஞானிகளைத் தினமும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டே வாருங்கள். ஜனவரி 6 அன்று மத்தேயு 2:1-12ஐ வாசித்து அவர்களைக் குடிலில் சேருங்கள். ஞானிகளின் வருகையை நினைவுகூரும் திருக்காட்சிப் பெருவிழாவை அதை ஒட்டிய ஞாயிறில் கொண்டாடும் சபை என்றால் அன்றைக்கு.

எடுத்துவைப்பதையும் குடும்பமாகச் செய்யுங்கள். விளக்குச் சரத்தை ஓர் அட்டையில் சுற்றி வைத்தால் அடுத்த வருடம் சிக்கல் எடுக்க வேண்டியதில்லை. பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள், உள்ளேயே கசிந்து பொருளைக் கெடுத்துவிடும். உருவங்களைத் தனித்தனியாகச் சுற்றி, முதலில் தேவைப்படும் தொழுவமும் தொட்டியும் மேலே வரும்படி அடுக்குங்கள். ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிப் பெட்டியின் மேலேயே வையுங்கள்: எது நன்றாக நடந்தது, எதை அடுத்த முறை விட்டுவிடலாம், புதிதாக எந்த ஒன்றைச் சேர்க்கலாம். அடுத்த திருவருகைக் காலம் தொடங்கும் தேதியையும் பெட்டியின் பக்கவாட்டில் பெரிதாக எழுதிவிடுங்கள்.